வஞ்சுட்டுப் போயிட்டாரு

நல்லா வஞ்சுட்டுப் போயிட்டாரும்மா, வாய்க்கு வந்தபடி வஞ்சாரு, என்று காதுக்குள் ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர் குரலுக்குப் பின்னால் ஆடு கத்துகிறது, யாரோ குடத்தை நங்கென்று வைக்கிறார்கள், சென்னைப் பெருங்குடியில் ஏழாவது மாடியில் ஏ.சி. குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, எவ்வளவு நாளாயிற்று இந்தச் சொல்லைக் கேட்டு, கயத்தாறுப் பக்கமாகத்தான் இருக்கும், அவள் ஊரான கோவில்பட்டியிலிருந்து கூப்பிடு தூரம். மோட்டார் பம்பு கம்பெனிக்கு வரும் போன்களின் பதிவைக் கேட்டு, பேசியதை அப்படியே எழுதி, என்ன புகார் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும், அதை வைத்துக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் கேட்கக் கற்றுக்கொடுப்பார்களாம், இதற்குப் பெயர் இன்டர்ன்ஷிப், இது முடிந்தால்தான் கல்லூரியில் கடைசி வருடப் படிப்பே தொடரும். பெரியவர் சொன்னது இவ்வளவுதான், கரண்ட் குறைவாக வரும்போது மோட்டாரைப் போடாதீர்கள் என்று மெக்கானிக் அந்தோணி படித்துப் படித்துச் சொல்லியும் போட்டுவிட்டார், உள்ளே கருகிவிட்டது, அந்தோணி வந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போய்விட்டார், தப்பு எம்மேலதாம்மா, ஆனா வேற ஆளு வேண்டாம், கைராசிக்காரரு, அவரையே திருப்பி அனுப்புங்க. மெக்கானிக் மறுபடி வர வேண்டும் என்று அவள் குறித்தாள், வஞ்சாரு என்றால் திட்டினார் என்று கூடுதலாக ஒரு வரியும் போட்டாள், போடாமல் இருந்திருக்கலாம், அந்த வரிதான் வினையாயிற்று.

அந்த ஊர்ப் பேச்சு அவள் வாயிலிருந்து போனது முதல் வருடம் விடுதிச் சாப்பாட்டு வரிசையில், அக்கா அந்தத் தட்ட அங்கன வச்சிருங்க என்று சொன்னாள், அவ்வளவுதான், வரிசையே சிரித்தது, அங்கனவாம்டீ அங்கன, அன்றிலிருந்து அவள் பெயர் அங்கன பேச்சி, இவள் அங்கே என்று சொல்லப் பழகினாள், ஏட்டியை விட்டாள், யம்மாவை விட்டாள், அறையில் யாரும் இல்லாதபோது மட்டும் வீட்டோடு போனில் பேசினாள், பேச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காத ஒருத்தி உலகத்திலேயே இவள்தான் என்று அறைத்தோழி கிண்டல் செய்வாள், சிரித்துக்கொள்வாள், உள்ளே பற்றிக்கொண்டு வரும். அப்படி மூன்று வருடம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய நாக்கை, தெற்கத்திப் பேச்சு புரிகிற ஆள் வேண்டும் என்று தேடி இந்தக் கம்பெனி எடுத்திருக்கிறது, எங்கே போய் முட்டிக்கொள்வது.

டீம் லீட் ஹேமந்த் நங்கநல்லூர்க்காரன், கெட்டவன் இல்லை, எல்லாம் தெரிந்தவன், அதுதான் தாங்க முடியாது. அவள் எழுதியதைத் திருத்தி, மெக்கானிக் ஏமாற்றினார் என்று சிவப்பு அடித்துப் பம்பு கம்பெனிக்கு அனுப்பியிருந்தான், அவள் ஓடிப்போய்க் கேட்டபோது நாற்காலியைத் திருப்பாமலே சொன்னான், பாரு, அகராதில கிளியரா இருக்கு, வஞ்சித்தல்னா ஏமாத்தறது. இல்ல ஹேமந்த், இது வேற, இது திட்டுறது. திட்டறதுன்னா அந்தத் தாத்தா திட்டினார்னே சொல்லியிருப்பாரே. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். உங்க ஊர்ல தப்பா சொல்றீங்க, அதுக்கு நான் என்ன பண்றது, அதெல்லாம் கரெக்டா செஞ்சாச்சு, விடு. விட்டாள், விடாமல் என்ன செய்வாள், வேலைக்கு வந்து மூன்றே வாரமான பிள்ளை, இடத்துக்கு வந்து ஹெட்போனை மாட்டினாள், அடுத்த போனில் யாரோ ஒரு அம்மா மழ பெஞ்சு மோட்டார் ரூமுக்குள்ள தண்ணி வந்துட்டு என்கிறாள், பெஞ்சு என்று எழுதிய விரல் அப்படியே நின்றது, பெய்து பெஞ்சு, ஹேமந்த் சற்றுமுன் சொன்ன செய்து செஞ்சு, அப்படியானால் வைது, வஞ்சு. தப்பும் இல்லை, சிதைவும் இல்லை, ஊரே சேர்ந்து ஒரே வழியில் நடந்து போயிருக்கிறது, வைதல் என்கிற பழைய தமிழைத்தான் அந்தப் பெரியவர் ஆட்டுச் சத்தத்துக்கு நடுவே சொல்லியிருக்கிறார், பேச்சித்தாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, மூன்று வருடம் ப்ரோக்ராம் எழுதி ஒருநாளும் வராத சந்தோஷம், இதைச் சொல்லக்கூட பக்கத்தில் ஒரு ஆள் இல்லையே என்று அழுகையும் கூடவே வந்தது.

பத்து நாளில் அதே பெரியவர், இப்போது குரலில் சிரிப்பில்லை, அந்தோணிய வேலைய விட்டு நிப்பாட்டிட்டீகளாமே, நான் ஏமாத்துனாருன்னு சொன்னேனாமே, எப்பம் சொன்னேன், எந்த வாயால சொன்னேன், அந்த மனுசன் வீட்டு வாசல்ல வந்து நின்னு ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டியன்னு கேக்காரு, நான் என்னத்தச் சொல்ல. அவளால் உட்கார முடியவில்லை, ஹேமந்திடம் போனால், அந்த ஃபைல் முடிஞ்சுடுச்சு, நம்ம வேலை குறிச்சுக் குடுக்கறது, அவங்க என்ன பண்றாங்கன்றது நம்ம தலைவலி இல்ல. தலைவலி இல்லையாம், ஒருத்தன் பிழைப்பில் மண் விழுந்திருக்கிறது, இவனுக்குத் தலைவலி இல்லையாம். மறுநாள் பம்பு கம்பெனி மேலாளரோடு கணினித் திரையில் கூட்டம், இன்டர்ன்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்க மட்டும் வேண்டும், ஹேமந்த் இங்கிலீஷில் படம் காட்டிக்கொண்டிருந்தான், அவள் மைக்கைத் திறந்தாள், சார், அந்தப் பெரியவர் வஞ்சாருன்னுதான் சொன்னாரு, ஏமாத்துனாருன்னு சொல்லல, எங்கம்மா என்னைய தெனம் வையும், அதுக்காக எங்கம்மா என்னைய ஏமாத்திட்டான்னு அர்த்தமா, நீங்களே சொல்லுங்க. ஹேமந்த் முகம் வெளுத்தது, திரையில் மேலாளர் ஒரு நொடி விழித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார், யம்மா நீ எந்த ஊரு, நமக்குச் சாத்தூருல்லா. இந்தச் சொல் தெரிந்த ஆள்தான் அவரும், அப்போது அவளுக்கு வந்த கோபம் ஹேமந்த் மேல்கூட வந்ததில்லை, ஒரு தடவை நீங்க அந்தப் போனைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே சார், என்றாள். கேக்கதுக்குத்தானம்மா ஒங்ககிட்ட குடுத்திருக்கோம், என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அந்தோணிக்கு வேலை திரும்பியது, யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. ஹேமந்த் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் காப்பியோடு வந்தான், படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலை என்றான், தெற்கத்திச் சொற்களுக்கெல்லாம் சரியான தமிழ் போட்டு மாற்றித் தருவதுதான் வேலை. மாத்தணுமா, என்றாள். ஆமா, வஞ்சாருன்னு வந்தா திட்டினார், அங்கனன்னு வந்தா அங்கே, சிம்பிள். மூன்று வருடமாக அவள் சம்பளம் இல்லாமல் தன்மேல் செய்துகொண்ட வேலை, இனிச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் முழுவதற்கும் செய்ய வேண்டும். எனக்கு வேண்டாம், ஹேமந்த், நான் செய்ய மாட்டேன். ஏன் என்று கேட்டான், அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க அவளுக்குப் பொறுமை இல்லை, மொழியியல் படிக்கப் போறேன் என்று மட்டும் சொன்னாள், வாய் சொன்ன பிறகுதான் மனம் அதைக் கேட்டது.

இனி அப்பாவுக்குச் சொல்ல வேண்டும், தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்க்கும் அப்பாவுக்கு, மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்காரப் போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கும் அப்பாவுக்கு. அறையில் தோழிகள் இருக்கிறார்கள், இருக்கட்டும், யப்பா நாந்தான் பேசுதேன், என்று உரக்கவே ஆரம்பித்தாள், சொல்லி முடித்தாள், காதுக்குள் அப்பா வெடித்தார், என்னது, தமிழ் பேசப் படிக்கப் போறியா, தமிழ் பேசத் தெரியாமலா இம்புட்டு நாளு கெடந்த, கையில வந்த வேலைய எவளாவது எத்தித் தள்ளுவாளா, கோட்டிக்காரி, கூறுகெட்டவ, சீத்துவங்கெட்டவளே. அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது, அப்பா வருத்தப்படுவது தாங்கவில்லை, ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை, யப்பா ஒரு நிமிசம், கெட்டுப்போனது இருக்கட்டும், சீத்துவம்னா என்னது? என்னது? சீத்துவம், அது கெட்டாத்தான சீத்துவங்கெட்டவ, கெடாம இருந்தா அது என்னது? அப்பா யோசிக்கிறார், வைய மறந்து யோசிக்கிறார், இத்தனை வருடம் வாயில் இருந்த சொல்லை இப்போதுதான் எடுத்துப் பார்க்கிறார், ஏட்டி, என்று அம்மாவைக் கூப்பிடும் குரல் கேட்கிறது, சீத்துவம்னா என்னட்டி, அடுக்களையிலிருந்து அம்மா சொல்கிறாள், அது ஒங்ககிட்ட இல்லாதது. பேச்சித்தாய் சிரித்து, அழுது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையணைக்கடியில் பேனாவைத் தேடுகிறாள், எளா, கேட்டியா ஒங்கம்மைய, என்கிறார் அப்பா, கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் போனை வைக்கவில்லை, இரு, எங்க பெரியத்தைக்குத் தெரியும், கேட்டுச் சொல்லுதேன், கேட்டுட்டு வந்து மிச்சத்த வையுதேன்.