பாத்திரம் யார் கழுவுவது

அத்தையின் கையிலிருந்து கம்பிநாரை வாங்கி ஓரமாக வைத்தான்.

"அது இருக்கட்டும் அத்தை."

"அடி பிடிச்சுக் கிடக்கு மாப்பிள்ளை."

"இருக்கட்டும்."

காலையில் மகளை அடக்கம் செய்துவிட்டு வந்தவர். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது போல. குழாயை மூடிவிட்டு முன்னறைக்குப் போனார். நேற்று அந்தப் பாத்திரத்தில் உலை வைத்த அவன் மனைவி அடுப்பருகிலேயே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. அவன் வேலை முடிந்து வந்தபோது அரிசி கரியாகியிருந்தது.

முன்னறையில் தையல்காரர் காத்திருந்தார். ஆற்றோரம் வரவிருக்கும் சின்ன அணு உலையை எதிர்க்கும் குழுவின் செயலாளர். மாலையில் கடைசிக் கருத்துக்கேட்பு. அவள் படம் போட்ட பேனரை விரித்துக் காட்டினார். 'உலை பறித்த முதல் உயிர்' என்றிருந்தது.

"அண்ணே, இன்னும் அஸ்திவாரமே தோண்டலை."

தையல்காரர் பேனரின் ஓரத்தை நீவினார்.

"அவ பாத்தா சிரிப்பா. சுருட்டிக்குங்க."

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். கதிர்வீச்சு அவளுக்குப் பூச்சாண்டி இல்லை; ஆனாலும் எதிர்ப்புக் குழுவில் இருந்தாள். அவனுக்குத் துணைமின்நிலையத்தில் வேலை. உலை வந்தால் நல்லது என்பவன். வீட்டுக்குள்ளேயே ரெண்டு கட்சி என்று தெருவில் கேலி செய்வார்கள். முதல் கூட்டத்தில் நிறுவன அதிகாரி, இது சின்ன உலை, பாகம் பாகமாக லாரியில் வந்து இறங்கிவிடும் என்று படம் காட்டினார். அவள் எழுந்தாள்.

"சின்ன உலையோ பெரிய உலையோ, ஆக்கி முடிச்சதும் பாத்திரம் யாரு கழுவுறது? எங்க கவுத்து வைக்கிறது?"

அரங்கமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்தபடியே அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நம் வீட்டில் யார் கழுவுகிறார்களாம் என்று அன்றிரவு அவன் சீண்டினான். நீ இல்லையென்று ஊருக்கே தெரியும் என்றாள்.

இன்று மாலை பேசுவோர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது; வராதவர் பெயரை அடித்துவிடுவார்களாம். கேள்வி பதிவாகாது. குழுவில் வேறு யாரையும் மாற்றிப் பேச விட மாட்டார்கள், கணவன் என்றால் ஒருவேளை விடலாம் என்றார் தையல்காரர். ஆனால் நீங்கள் அந்தப் பக்கமாயிற்றே என்று இழுத்தார்.

"பக்கமெல்லாம் மாறலை. அவ கேட்டதை நான் கேக்கறேன்."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "சட்டையை மாத்திட்டுப் போங்க."

மாலையில் அரங்கில் கூட்டத் தலைவர் வருத்தம் தெரிவித்தார். எழுதிக் கொடுத்தால் போதும், சிரமப்பட வேண்டாம் என்றார். அவன் மைக்கை விடவில்லை.

"மின்நிலையத்துலதான் வேலை பாக்கறேன். எனக்கு உலை வரணும். இது என் மனைவியோட கேள்வி."

அவள் சொன்னபடியே கேட்டான். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கழிவு பாதுகாப்பாக வைக்கப்படும் என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"எங்க?"

"இடம் இன்னும் முடிவாகலை."

"யாரு பாத்துக்கறது?"

அதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "அதுவும் முடிவாகலை."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்தியிருந்தாள்.

"அப்படியே அடிங்கம்மா. முடிவாகலைன்னு."

அவள் அடித்து முடிக்கும்வரை நின்றான்.

வீட்டில் அத்தை நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கம்பிநாரை எடுத்தான். கரி லேசில் விடவில்லை. வெந்நீர் ஊற்றி, ஊறவிட்டு, மறுபடி தேய்த்தான். அடி வெளுத்தது.

அலசி எடுத்துச் சுற்றிலும் பார்த்தான். மேடை ஓரமா, மேல்தட்டா, ஜன்னல் பக்கமா, அவள் எங்கே கவிழ்ப்பாள் என்று தெரியவில்லை. பாத்திரத்திலிருந்து தண்ணீர் அவன் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.