முப்பத்தெட்டாம் நம்பர் வண்டி

பஸ் கம்பெனியின் புகார் பிரிவு என்றால் அது அவள் ஒருத்திதான். ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, ஒரு படிவக் கட்டு, டிப்போ முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். எல்லா வண்டிகளின் முதுகிலும் அந்தத் தொலைபேசியின் எண்ணைப் பெரிதாக எழுதி, ஓட்டுநர் மேல் குறை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆறு வருடமாக ஜனங்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஸ்டாப்பில் நிறுத்தவில்லை, பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கிறது, கேள்வி கேட்டால் முறைக்கிறார். டிரைவர்கள் அவளுக்குப் 'புகாரக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்களுக்கும் அவள் புகாரக்காதான். டிரிப் நோட்டில் கையெழுத்துப் போட வருகிறவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி, தன்னைப் பற்றி ஏதாவது நல்ல சேதி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அவளை அப்படிக் கூப்பிடாத டிரைவர் ஒருவர்தான். அவளுடைய சொந்த அண்ணன். டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். இருபத்தாறு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர். அவள் வேலை பார்த்த துணிக்கடையை மூடியபோது மேனேஜரிடம் பேசி இந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்ததும் அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பெண் அழைத்தாள். சண்டை பிடிக்கிற குரல் இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு அழைக்கிற குரல். கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றிருந்தபோது டிரைவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தாளாம். அதற்குப் பிறகு வண்டி தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி போயிற்றாம். பக்கவாட்டுக் கண்ணாடி மரக்கிளையில் இடித்தும் அவர் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"வாடை ஏதாவது வந்துச்சாங்க?" என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா. அந்த வாடை எனக்குத் தெரியும். இது குடி இல்ல. ஆனா அந்த டிரைவர் நிதானத்துல இல்ல."

வண்டி நம்பர் கேட்டாள். முப்பத்தெட்டு என்றாள் அந்தப் பெண்.

பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. நடவடிக்கை எடுக்கிறோம் என்று வழக்கம்போலச் சொல்லித் தொலைபேசியை வைத்தாள். தேதியும் நேரமும் மட்டும் எழுதியிருந்த படிவத்தைக் கிழித்து, நாலாக மடித்து, மேஜை இழுப்பறையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் தள்ளினாள். முப்பத்தெட்டு அவள் அண்ணனுடைய வண்டி.

முந்தின வருடம் வீட்டு மொட்டை மாடிப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கு இடுப்பு வலி இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். டிரைவர்களில் இடுப்பு வலி இல்லாதவர் யார் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும்தான்.

பல் வலி என்று சொல்லி மதியம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, அடுத்த தெரு முனையில் நின்று முப்பத்தெட்டில் ஏறினாள். கூட்டத்தோடு ஏறியதால் அண்ணன் கவனிக்கவில்லை. அவருடைய கைகள் தெரிகிற மாதிரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு ஸ்டாப்புகளில் ஒன்றுமில்லை. நாம்தான் வீணாகப் பயந்துவிட்டோம் என்று அவளுக்கு மூச்சு வந்தது. மூன்றாவது சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு ஹார்ன், இரண்டு ஹார்ன், அப்புறம் தெருவே அலறியது. அண்ணனின் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. அவள் எழுந்திருக்கப் போனாள். அதற்குள் யாரோ பின்னாலிருந்து கத்த, வண்டி குலுங்கிக் கிளம்பியது.

ஆஸ்பத்திரி முனையில் ஒரு கிழவர் கைத்தடியோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அவரை அவள் பார்த்துவிட்டாள். வண்டியில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கடைசி நொடியில்தான் பிரேக் விழுந்தது. நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாருடைய பையிலிருந்தோ உருளைக்கிழங்குகள் சீட்டுக்கு அடியில் உருண்டன. கிழவர் தனக்கு என்ன நேர இருந்தது என்பது தெரியாமலே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் அண்ணன் அவளைப் பார்த்தார். அவர் கையில் மாத்திரை அட்டை இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்தார்.

"இது யார் குடுத்தது?"

"டாக்டர்தான்."

"நாலா போடச் சொன்னாரு?"

"ரெண்டு போட்டா வலி போகும். நாலு போட்டா வலின்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோகும்" என்று சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. கண் எங்கோ இருந்தது.

லீவு போடச் சொன்னாள். லீவு கேட்டால் கம்பெனி டாக்டரிடம் அனுப்புவார்கள், அவர் ஓட்டக் கூடாது என்று எழுதிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது, இன்னும் மூன்று வருடம் ஓட்டிவிட்டால் மரியாதையாக வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் அவர். டாக்டர் கொடுத்தது தீர்ந்து பல மாதமாகிவிட்டது, இப்போது வேறொரு ஆளிடம் வாங்குகிறார் என்பதும் பேச்சுவாக்கில் வந்துவிட்டது. அவள் வேறு பஸ்ஸில் திரும்பினாள். அவருடைய வண்டியில் ஏறக் கால் வரவில்லை. அந்த வண்டியில் அப்போது முப்பது பேராவது ஏறியிருப்பார்கள்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னபோது அண்ணி திடுக்கிடவில்லை. மடித்த சட்டையையே பிரித்துத் திரும்பவும் மடித்தாள். அண்ணிக்கு முன்பே தெரியும் என்று அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் எதிரிலேயே நின்றபடி தூங்கினாராம். கேட்டால் வலி என்கிறாராம்.

"நீ பாத்ததா யார்கிட்டயும் காட்டிக்காத. நான் மெதுவாப் பேசி நிறுத்த வைக்கிறேன்" என்றாள் அண்ணி.

"எப்போ, அண்ணி?"

"பேசறேன்னு சொல்றேன்ல."

அண்ணி கொடுத்த காப்பி குடிக்காமலே ஆறிப்போயிருந்தது.

புதன்கிழமை அவள் செய்த ஒரே வேலை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் போகிறது என்று எழுந்து பார்த்தாள். தொலைபேசி முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள். யாரோ குடையை வண்டியில் விட்டுவிட்டதாகச் சொன்னதற்கு, ஒன்றும் ஆகவில்லையே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு தடவை கேட்டாள். அந்த ஆள் பயந்துபோய்க் குடை வேண்டாம் என்று வைத்துவிட்டார். முப்பத்தெட்டு ஒவ்வொரு டிரிப்பும் முடித்து முற்றத்துக்குள் திரும்பியபோது சக்கரத்தையும் முன் பக்கத்தையும் ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டாள். ஒரு கீறல் இல்லை. ஆனாலும் அடுத்த டிரிப் இருந்தது.

வியாழக்கிழமை காலை அந்தப் பெண் திரும்ப அழைத்தாள். செவ்வாய்க்கிழமை சொன்னேனே, என்ன ஆயிற்று என்று கேட்டாள். விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இவள் மென்று விழுங்கினாள். அந்தக் குரலில் கோபம் இல்லை.

"இன்னைக்கும் அவர்தாம்மா ஓட்டினாரு. என் பொண்ணை அந்த வண்டில போகாதன்னு சொல்லிட்டேன், ஸ்கூலுக்கு நடந்துதான் போறா. மத்த பிள்ளைங்களுக்கு யாரு சொல்லுவா?"

தொலைபேசியை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது. பிறகு புதுப் படிவம் எடுத்தாள். வண்டி நம்பரை முதலில் எழுதினாள். முதலிலேயே எழுதாவிட்டால் எழுதாமலே போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரியும். கீழே எழுதினாள்: 'ஓட்டுநர் நிதானத்தில் இல்லை எனப் பயணி ஒருவர் தெரிவித்தார். மது அருந்தியிருக்கலாம் என்று சந்தேகம்.'

அந்தப் பெண் மது என்று சொல்லவில்லை. குடி இல்லை என்றுதான் சொன்னாள். மாத்திரையைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்து இப்படி எழுதினாள். எழுதும்போது ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் சுலபம். புகாரும் கொடுத்த மாதிரி இருக்கும், அண்ணனுக்கும் ஒன்றும் ஆகாது.

மேனேஜர் படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, இது உங்க அண்ணன் வண்டியாச்சே" என்றார். "ஆமா சார்" என்றாள். விதி என்றால் விதி. ஒரு மணிக்கு அண்ணன் டிரிப் முடித்து வந்ததும் ஊதிப் பார்க்கும் மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் கூடிவிட்டார்கள். அண்ணன் ஊதினார். சைபர். மிஷின் மேல் சந்தேகப்பட்டு மேனேஜர் தானும் ஒருமுறை ஊதிப் பார்த்தார். திரும்ப அண்ணனை ஊதச் சொன்னார். திரும்பவும் சைபர். யாரோ கைதட்டினார்கள். நிதானத்தையே நிதானம் இல்லை என்று சொன்ன மகராசி யாரோ என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜருக்கும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அண்ணன் தோளில் தட்டி, ரெண்டு பத்துக்குக் கிளம்பும் டிரிப்புக்கு ரெடியாகச் சொன்னார்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருக்கவில்லை.

இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். அவளைப் பார்க்கவில்லை. நோட்டில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிப் போயிற்று. பேனாவை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மேனேஜர் படிவத்தைக் காட்டினாரு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எல்லாம் எழுதிட்டு மாத்திரையை மட்டும் ஏன் விட்ட?"

அது கோபமா, கேலியா, அல்லது வேறு ஏதாவதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பின்னாட்களில் எத்தனையோ தடவை அந்தக் குரலை நினைத்துப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. அவர் திரும்பி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முப்பத்தெட்டை நோக்கி நடந்தார். வண்டியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையை முதலில் யாரிடமோ கொடுத்துவிட்டுத் தான் ஏறினாள்.

அவள் மேனேஜர் அறைக்கு நடந்து போனதாகத்தான் நினைத்திருந்தாள். ஓடியதாகப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள்.

"சார், அவர் குடிக்கல. மாத்திரை போடுறாரு. ஒரே நேரத்துல நாலு. நானே பாத்தேன்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமையா?" என்றார் மேனேஜர். எழுந்து வெளியே போனார்.

வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் டிரைவர் பக்க ஜன்னலுக்கு அடியில் நின்று சாவியைக் கேட்டார். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். பிறகு எஞ்சின் நின்றது. அண்ணன் சாவியை நீட்டினார். சட்டைப் பையிலிருந்த அட்டையையும் அவராகவே எடுத்துக் கொடுத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். சற்று முன்பு கைதட்டியவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் அவளைக் கடந்து போனார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எல்லாம் தெரிந்துவிட்டது. வேலையை விட்டு நீக்கவில்லை. ஓட்ட மட்டும் கூடாது, மாத்திரைப் பழக்கத்தை நிறுத்தச் சிகிச்சைக்குப் போக வேண்டும், அதுவரை டிப்போவில் டயர் கணக்குப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. இரண்டு நாள் தாமதித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அண்ணன் என்பதால் என்று எழுதிக் கொடுத்தாள். கண்டித்து எழுதிக் கோப்பில் சேர்த்தார்கள். அது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு யாரும் அவளைப் புகாரக்கா என்று கூப்பிடவில்லை. ஜன்னலில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து போனார்கள். அண்ணி இரண்டு மாதம் பேசவில்லை. அண்ணன் நாலு மாதம். டயர் அறைக்கும் புகார் அறைக்கும் நடுவே இருபது அடிகூட இராது.

ஐந்தாவது மாதம் அண்ணி போன் செய்தாள். சிகிச்சைக்கு நாளைக்குப் போக வேண்டும், வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார், நீ ஒரு நடை வா என்றாள். எதற்குத் தன்னை என்று கேட்காமலே போனாள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. அண்ணன் ஒரு மூலையில், அவள் இரண்டு நாற்காலி தள்ளி. அண்ணி சீட்டு வாங்கப் போயிருந்தாள். அண்ணன் மெலிந்திருந்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"அந்த ரெண்டு பத்து டிரிப்பை நான் எடுத்திருந்தா ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

"அப்போ எதுக்குச் சொன்ன?"

நாலு மாதமாக அவள் வேறு பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். "ஆகாதுன்னு எனக்கு யாராவது சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன், அண்ணா" என்றாள்.

உள்ளேயிருந்து அவருடைய சீட்டு நம்பரைக் கூப்பிட்டார்கள். அண்ணி வந்து கை கொடுக்க, முதல் முயற்சியில் எழ முடியாமல் இரண்டாவதில் எழுந்தார். அவள் தன் பையை எடுத்துக்கொண்டாள். தன்னுடைய வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தாள். கதவைப் பிடித்தபடி அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"போயிடாத, இரு" என்றார்.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.