இடது பக்கத்துப் படம்

அம்மா முழுக்கைச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு என் கட்டில்மேல் விரித்து வைத்திருந்தாள். குளித்துவிட்டு வந்ததும் அதைத்தான் பார்த்தேன். காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. விற்பனைக் கண்காட்சி நடக்கும் மண்டபத்தில் மின்விசிறி சுற்றும், காற்று மட்டும் வராது. அது அவளுக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இன்னைக்கு மட்டும் அதப் போட்டுக்கோ. கழுத்துப் பட்டனையும் போட்டுக்கோ."

"புழுங்கிச் சாவேன்மா."

"ஒரு நாள் புழுங்கினா யாரும் சாக மாட்டாங்க."

ஐந்து வாரத்துக்கு முன்னால் முழங்கை மடிப்பில் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு வந்தது. நாலே நாளில் அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. பிறகு கழுத்து. சொறிந்தால் சுகம், நிறுத்தினால் நெருப்பு. சின்ன வயதில் பட்ட அந்த அரிப்பை நான் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். என் விரல்கள் மறக்கவில்லை, தூக்கத்திலேயே சரியான இடத்தைத் தேடிப் போயின. "வேர்க்குரு" என்றாள் அம்மா. நான் தனியாகப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய கரப்பான் நோய் திரும்பியிருக்கிறது என்றார் அவர். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டில் அம்மாவோடு சோப்பு செய்து விற்பதைச் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு வாசனை எண்ணெய்களின் பக்கமே போகாதீர்கள், கையுறை போட்டுக்கொண்டும் போகாதீர்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதை அம்மாவிடம் நீட்டினேன். படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். பிறகு சீட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, அதன்மேல் முட்டை அட்டையைத் தூக்கி வைத்தாள்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாத" என்றாள். அவ்வளவுதான். வலிக்கிறதா என்றுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் சோப்பு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு அட்டை இருக்கும். அட்டையில் இரண்டு படங்கள். இடது பக்கம் ஏழு வயதுப் பெண் ஒருத்தி முதுகைக் காட்டி நிற்கிறாள். பின்கழுத்தும் முழங்கால் மடிப்பும் ரத்தச் சிவப்பாக வெடித்திருக்கின்றன. வலது பக்கம் அதே பெண், ஒன்பது வயது, அதே இடங்கள், வழுவழுவென்று. முகம் தெரியாதுதான். ஆனால் காது தெரியும், அது என் காது. பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி முடித்து, இருபத்து மூன்று வயதாகியும் நான் இந்த ஊரில் படத்துப் பெண்தான். மேசைக்கு வருகிறவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், "இந்தப் பொண்ணுதானா அது?" என்று கேட்டுவிட்டு என் கழுத்தை எட்டிப் பார்ப்பார்கள். கத்தரிக்காய் வாங்குகிறவர்கள்கூடக் கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் காயைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

அந்த இடது பக்கத்துப் படம் சோப்பு விற்க எடுத்தது இல்லை. இரவில் எனக்கு எவ்வளவு மோசமாகிறது என்பதைப் பெரியாஸ்பத்திரி டாக்டருக்குக் காட்டுவதற்காக அம்மா எடுத்தது. கடைச் சோப்பு பட்டால் நான் அலறினேன் என்பதால், யாரிடமோ கேட்டு, தேங்காயெண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் வைத்து அவள் சோப்பு செய்யப் பழகினாள். முதல் மூன்று தடவையும் எண்ணெய் தனி, தண்ணீர் தனி என்று பிரிந்து போயிற்று. ஒரு தடவை சோடாத் தண்ணீர் தெறித்து மணிக்கட்டில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. நாலாவது தடவை வந்தது சோப்பு. மணமில்லாத, நிறமில்லாத, சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒன்று. அது என்னை எரிக்கவில்லை. இதையெல்லாம் நான் மறுக்கவே இல்லை. ஆனால் புண்ணை ஆற்றியது அந்த டாக்டர் கொடுத்த களிம்பு. எட்டு மாதம், தினமும் இரண்டு வேளை, அம்மாதான் தடவிவிட்டாள்.

தொடங்கிய புதிதில் அவள் வாடிக்கையாளர்களிடம் சொன்னது இதுதான்: "டாக்டர் மருந்தும் என் சோப்பும் சேர்ந்து சரியாச்சு." அடுத்த வருடம், "டாக்டரும் ஏதோ குடுத்தார், ஆனா சோப்புதான் கேட்டுச்சு" என்றாயிற்று. அதற்கடுத்து, "எத்தனையோ டாக்டரைப் பாத்தாச்சு." நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டே, அந்த நல்ல மனிதர் எங்கள் கதையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அட்டையில் அச்சானது இப்படி: டாக்டர்கள் கைவிட்ட மகளை ஒரு தாயின் கைகள் காப்பாற்றிய கதை.

அன்று மண்டபத்தில் எங்களுக்கு வாசலை ஒட்டிய மேசை. பக்கத்தில் மெழுகுவத்தி விற்கிறவர் கடை விரித்திருந்தார். உருகிப்போன இரண்டு மெழுகுவத்திகளை நிமிர்த்தி வைத்துக்கொண்டே என் சட்டையைப் பார்த்து, "என்ன பாப்பா, குளிருதா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா சிரித்துவிட்டாள். சட்டைக்குள் வியர்வை வழிந்து மடிப்புகளில் இறங்கி உப்பு மாதிரி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சோப்புகளை அடுக்கினேன். லாவண்டர், எலுமிச்சைப் புல், கரித்தூள் போட்டது. ஒவ்வொன்றிலும் நான் ஏழு வயதில் முதுகைக் காட்டி நின்றேன்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் நேராக எங்கள் மேசைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும், தூக்கம் இல்லாத முகம். அவள் கையைப் பிடித்தபடி ஐந்து வயதுக் குழந்தை. குழந்தைக்கு முட்டிக்கு மேல் வரைக்கும் காலுறை மாட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். இந்த வெயிலில் குழந்தைக்குக் காலுறை எதற்கு என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை, தெரிந்துகொண்டேன்.

"அக்கா, போன்ல பேசினேனே. பொண்ணுக்கு சோப்பு வாங்கினேனே" என்றாள் அம்மாவிடம். "நீங்க சொன்ன மாதிரியே மூணு மாசமா வேற எதுவும் போடல. ஆயின்மென்ட்டையும் நிறுத்திட்டேன். ஆனா அதிகமாகிட்டே இருக்குக்கா."

அம்மா குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். "சொன்னேனேமா. மொதல்ல கிளம்பித்தான் அடங்கும். உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வரணும் இல்ல? இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கோ."

நான் மேசையைச் சுற்றிப் போய்க் குழந்தையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். காலுறையை மெதுவாக இறக்கினேன். பாதியில் அது ஒட்டிக்கொண்டது. குழந்தை அழவில்லை, மூச்சை மட்டும் இழுத்துப் பிடித்தது. வலிக்குப் பழகிய குழந்தைகள் அப்படித்தான் செய்யும், நானும் செய்திருக்கிறேன். முழங்கால் மடிப்பில் மஞ்சள் பொருக்கு. அதன் ஓரத்தில் நீர் கசிந்து ஈரமாக மினுங்கியது. லேசாக ஒரு வாடை. எங்கள் மேசையிலிருந்து வந்த லாவண்டர் மணம் அதன்மேல் படர்ந்தது. எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. காது அடைத்துக்கொண்டது.

"இதுல கிருமி பிடிச்சிருக்கு" என்றேன். "இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

"நீ எழுந்திரு" என்றாள் அம்மா.

எழுந்தேன். கழுத்துப் பட்டனை அவிழ்த்தேன். சட்டைக் கை இரண்டையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கைகளை அந்தப் பெண்ணின் முன்னால் நீட்டினேன்.

"இது அந்த சோப்பு செய்யற கைதான். பாருங்க. சின்ன வயசுல எனக்கு சரியானது டாக்டர் குடுத்த களிம்பால. எட்டு மாசம் போட்டோம். அத அட்டையில போடல."

மெழுகுவத்திக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். சோப்பை மோந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அதை அப்படியே மேசையில் வைத்தார்கள். அந்தப் பெண் என் கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் அம்மாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுகூட நினைத்தேன்.

"நீதானேமா அன்னைக்கு இதே மண்டபத்துல குடுத்த?" என்றாள் என்னிடம். குரல் உயரவே இல்லை. "எனக்கு நம்பிக்கை வரல, போலாம்னு திரும்பினேன். நீதான் கூப்பிட்ட. 'அக்கா, என் கையத் தொட்டுப் பாருங்க'ன்னு நீட்டினியே. தொட்டுப் பாத்துட்டுத்தானே வாங்கிட்டுப் போனேன்."

எனக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் கேவலம். எத்தனையோ பேரிடம் அப்படி நீட்டியிருக்கிறேன். அன்று கூட்டம் குறைவாக இருந்திருக்கலாம், வீட்டுக்குச் சீக்கிரம் போகவேண்டும் என்று இருந்திருக்கலாம். அந்தக் கோபம் அவ்வளவும் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பாதி இறங்கிய காலுறை வாசல் வரைக்கும் ஆடிக்கொண்டே போயிற்று.

வாடகை வண்டியில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து பெட்டிகளை இறக்கியதும் அம்மா கதவைச் சாத்தினாள்.

"திருப்தியா? நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கியாச்சு இல்ல?"

"அந்தக் கால பாத்தியா நீ?"

"ஆயின்மென்ட்ட நிறுத்துன்னு நான் எப்பவாவது சொன்னேனா? என் வாயால சொன்னேனா?"

"டாக்டர்கள் கைவிட்டாங்கன்னு அச்சடிச்சு வச்சிருக்க. அதப் படிச்சவ வேற என்ன பண்ணுவா? எந்த டாக்டர்மா கைவிட்டார்? பேர் சொல்லு. உன் புள்ளைக்கு சரியாகிடும், அழாதம்மான்னு உனக்கு டீ வாங்கிக் குடுத்தாரே, அவரா?"

அம்மா கையிலிருந்த பெட்டியைத் தரையில் போட்டாள். சோப்புகள் தடதடவென்று உருண்டு நாற்காலிக்கு அடியில் போயின.

"எட்டு மாசம் உன் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தது யாரு? அந்த டாக்டரா? உங்கப்பா புரண்டு படுத்துத் தூங்கினார். நீ என் தோள கடிச்சு ரத்தம் வந்துச்சு, தெரியுமா உனக்கு? களிம்பு சரி பண்ணுச்சாம். களிம்பு! நான் ஒண்ணுமே பண்ணல, இல்ல?"

அந்த நேரத்தில் எனக்கு அவளைப் பிடிக்கவும் செய்தது, அறையவேண்டும் போலவும் இருந்தது. அவள் செய்ததை அவள் செய்தாள். அதை அப்படியே எழுதியிருந்தால் போதாதா? ஒரு அம்மா எட்டு மாதம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினால் யாரும் சோப்பு வாங்க மாட்டார்களா? வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் நானும் இத்தனை வருடம் கையை நீட்டினேன்.

"அஞ்சு வாரமா நான் சொறிஞ்சுக்கிட்டுக் கெடக்கேன்" என்றேன். "ஒரு தடவ தொட்டுப் பாத்தியா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மூன்று நாள் அந்தப் பெண்ணுக்கு போன் செய்துகொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. நாலாவது நாள் எடுத்தாள். "டாக்டர் பாத்துட்டார். கிருமிதான். மருந்து குடுத்திருக்கார், கொஞ்சம் அடங்கியிருக்கு" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "இனிமே எனக்குக் கூப்பிடாத" என்று வைத்துவிட்டாள். அந்தக் கோபத்துக்கு அவளுக்கு முழு உரிமை உண்டு. போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, காலுறை போட்ட குழந்தை அவள் வீட்டில் மட்டும்தானா இருக்கும்?

வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் அம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பாள். பெயருக்குப் பக்கத்தில் எதற்காக வாங்கினார்கள் என்ற குறிப்பும் இருக்கும். வறண்ட தோல், பரு, பரிசு கொடுக்க. சில இடங்களில் 'குழந்தைக்கு' என்று. அவற்றைத் தனியாக எண்ணினேன், நாற்பத்தொன்று. நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு முதல் எண்ணிலிருந்து தொடங்கினேன். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் நீங்கள் யார், போட்டிக் கடைக்காரரா என்று கேட்டார். ஒரு அம்மா, எங்கள் பிள்ளைக்குச் சுத்தமாகச் சரியாகிவிட்டது, உங்கள் அம்மாவுக்குக் கோயில் கட்டவேண்டும் என்றாள்.

ஒன்பதாவது எண்ணை அழுத்தப் போனபோது அம்மா பின்னால் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நோட்டைப் பிடுங்கிக்கொள்வாள் என்று ஒரு கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டேன்.

"அவங்க ஸ்கூல்ல வேலை பாக்கறவங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "இப்ப எடுக்க மாட்டாங்க. மத்தியானம் பண்ணு."

சொல்லிவிட்டு சோப்பு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. எண்ணெய்ச் சட்டி மேடையில் மோதும் சத்தம் கேட்டது. அன்றைக்குக் கலவை போடும் நாள்கூட இல்லை. நான் பத்தாவது எண்ணை அழுத்தினேன். அடுத்த நொடி உள்ளே கலக்கும் மெஷின் கர்ரென்று ஓட ஆரம்பித்தது. மறுமுனையில் ஒரு பெண் "அலோ" என்றாள், பின்னணியில் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. நான் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. "யாருங்க? என்ன? சத்தமா சொல்லுங்க" என்றாள். உள்ளே மெஷின் இன்னும் வேகமாக ஓடியது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"மருந்த நிறுத்தாதீங்க. கேக்குதா? மருந்த நிறுத்தாதீங்க!"