தலை வெட்டப்படாத ராணி

"அடுத்த வாரம் இவ தலையை வெட்டிடுவாங்க" என்றாள் அக்கா, தொலைக்காட்சித் திரையைக் காட்டி, உள்ளங்கையிலிருந்த வேர்க்கடலைத் தோலை ஊதியபடி.

"யார் தலையை?"

"இந்த ராணி தலையைத்தான். வெட்டின பதினோராம் நாள் ராஜா அடுத்தவளைக் கட்டிக்குவான்."

"கதையைச் சொல்லிட்டியா?"

"இது கதையாடி? ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்து முடிஞ்சது. ஏழாங்கிளாஸ் பசங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதே. நான் பாக்கிற வரைக்கும் இவ சாக மாட்டா."

தங்கை சொன்னது அப்படியே பலித்தது. அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஊரிலிருந்த மற்ற எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ராணியின் தலை விழுந்தது. அந்த மூன்றாம் மாடி வீட்டில் மட்டும் விழவில்லை. அன்று முதல் ஒன்பது வருடம் அவள் அங்கே உயிரோடு இருந்தாள்.

தங்கை பல் செட் செய்பவள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் மெழுகை உருக்கி ஊற்றி, பல்லைப் பல்லாக நட்டு, ஈறின் நிறம் ஏற்றி, சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவாள். குடியிருப்பில் அவளைப் பல்லுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அக்கா பள்ளியில் சரித்திரம் நடத்தி அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். மூன்று தெரு தள்ளி, சாவிக்கடைக்கு மேலே தனியாக இருந்தாள். ஞாயிறு தோறும் மூன்றே முக்காலுக்கு வேர்க்கடலைப் பொட்டலத்தோடு படியேறி வந்து சோபாவின் வலது பக்கம் உட்காருவாள். இடது பக்கம் தங்கை. தொடரில் வரும் இங்கிலாந்தின் டியூடர் வம்சத்து அரசவையில் யார் யாரைக் கவிழ்க்கிறார்கள் என்பதை இருவரும் தங்கள் அலுவலகத்து விவகாரம் போலப் பேசிக்கொள்வார்கள். ராஜா சிரிக்கும்போதெல்லாம் தங்கைக்கு எரிச்சலாக வரும். சர்க்கரையைத் தின்றுவிட்டுத் துலக்காமல் தூங்கின காலத்தில் இப்படி ஒரு பல் வரிசையா, நானே கட்டினாலும் இவ்வளவு வெள்ளையாகக் கட்ட மாட்டேன் என்பாள்.

ஒரு ராணியின் தலைக்காக உடன்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்களா என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். ராணி ஒரு சாக்கு. இருபது வருடம் முன்பு தங்கை திருமணப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பியபோது, அவள் காலரைச் சரிசெய்துகொண்டே அக்கா, "இவன் மூணு வருஷம் நிப்பானான்னு பாரு" என்று சொல்லியிருந்தாள். மூன்றாவது வருட முடிவில் அவன் ஒரு பெட்டியையும் வீட்டிலிருந்த ஒரே நல்ல குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அக்கா சொன்னதால்தான் போனான் என்று தங்கை நம்பவில்லை. ஆனால் முடிவு தெரிந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால், நடுவிலிருந்த நல்ல நாட்களைக்கூடத் தான் நிம்மதியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தாள். ராணியின் தலைப் பேச்சு வந்த அந்த ஞாயிறு அதைச் சொல்லியும்விட்டாள். அக்கா பொட்டலத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அதைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை.

தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் வந்து பின்பக்கம் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "என் வீட்ல செத்துட்டாங்களேம்மா" என்று வருத்தமாகச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். திரையில் ராணி சிறையின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கைக்குட்டையில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். ராஜாவின் காரியதரிசியின் மேஜையில் மரண ஆணை கையெழுத்தாகாமல் கிடந்தது. அவர் மிகவும் ஒழுங்கான மனிதர். ஒரு கோப்பு முடியாமல் அடுத்ததைத் தொட மாட்டார். அதனால் மற்ற விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தேங்கினார்கள். முதலில் முன்னறை நிறைந்தது, பிறகு தாழ்வாரம். நான்காவது மாதம் நிற்க இடமில்லாமல் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி திரையைத் தாண்டி வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செருப்பு வைக்கும் பலகையின் பக்கத்தில் நின்றார். தலைமுறை தலைமுறையாக அவர் ஆடு மேய்த்த புல்வெளியைச் சுற்றி ஒரு பிரபு வேலி போட்டுவிட்டார் என்பது அவருடைய குறை. தங்கை அவருக்கு வேலிக்காரர் என்று பெயர் வைத்தாள்.

அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். இரண்டாம் வருடம் வரிசை படிக்கட்டில் இறங்கியது. நான்காம் வருடம் வெளிவாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரை போனது. பேருந்துக்கு வந்தவர்கள் சிலர் தெரியாமல் அதில் நின்று அரைநாள் வேலையைக் கோட்டைவிட்டார்கள். நகராட்சி ஆள் ஒருவர் வந்து பார்த்து, 'வரிசைக்கு இடப்புறமாகச் செல்லவும்' என்று பலகை நட்டுவிட்டுப் போனார். வந்தவர்கள் சோறு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. ஈரக் கம்பளி வாடை மட்டும் கொஞ்சம் இருந்தது. டப்பிங் செய்யப்பட்ட தொடர் என்பதால் அவர்களுக்கு முதலில் உதடு அசையும், குரல் சற்றுப் பின்னால் வரும். குடியிருப்பில் இருந்தவர்களுக்கு அது ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

வீடு முழுக்க ஆட்கள் இருந்தும் சோபாவின் வலது பக்கம் காலியாகவே இருந்தது. அரசவைக்குக் காத்திருப்பவர்கள் உட்காரக் கூடாது என்பது அவர்கள் முறை. தங்கை ஓரிரு முறை வற்புறுத்திப் பார்த்தாள், அவர்கள் முகம் சிவந்துபோனதைக் கண்டு விட்டுவிட்டாள். மெத்தை இடுக்கில் சிக்கியிருந்த கடலைத் தோலை அவள் துடைத்தெடுக்கவில்லை. அந்த ஒன்பது வருடத்தில் அக்காவும் அவளும் இரண்டே தடவை எதிர்ப்பட்டார்கள், ஒரு தடவை சித்தியின் சாவு வீட்டில், ஒரு தடவை மருந்துக்கடையில். மருந்துக்கடையில் அக்கா முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மாடி ஏற அந்த முழங்கால் இனி தாங்குமா என்று தங்கை கணக்குப் போட்டாள், சில்லறையை வாங்கிக்கொண்டு வெளியேறினாள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைத் தினமும் மெருகுச் சக்கரம் ஓடும்போது சொல்லிப் பார்ப்பாள். அந்த இரைச்சலில் அது அவள் காதிலேயே விழாது. வீட்டுக்கு வந்தும் பாத்திரம் கழுவும்போது உதடு தானாக அதைச் சொல்லும்.

ஒன்பதாம் வருடம் ஒரு ஞாயிறு, ராணி தையலை நிறுத்திவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கைக்குட்டையில் எதையோ துப்பி, மடித்து, மடியில் வைத்தாள். தங்கைக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது, கீழ்வரிசை இரண்டாவது கடைவாய்ப் பல். எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். ராணியின் காதோரம் முழுக்க நரைத்திருந்தது. கைக்குட்டையில் பூத்தைக்க ஒரு விரற்கடை இடம்கூட மீதி இல்லை. போட்ட பூவின் மேலேயே மறுபடி பூப் போட்டிருந்தாள். இவளைச் சாகாமல் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் தங்கை இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒன்பது வருடமாக ஒருத்தியை ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்திருக்கிறோம் என்று தோன்றியது அன்றுதான்.

தங்கை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது, அவள் செய்து கொடுத்த புதுப் பல் செட்டோடு வேலிக்காரர் பளிச்சென்று நின்றிருந்தார்.

"அம்மணி, தங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு போலும்" என்றது அவர் குரல், உதடு மூடிய பிறகு.

"யார் சொன்னா?"

"தங்கள் வாய் அசைவதை ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். எங்களுக்குக் குரல் தாமதமாகவேனும் வந்து சேர்கிறது. தங்களுக்கு வரவே இல்லை."

"கேக்கணும்னா எங்க போய் நிக்கறது?"

"கடைசியில்தான், அம்மணி. இந்த வீட்டுக்காரர் என்பதற்காக நடுவில் விட முடியாது."

அவள் வீட்டைப் பூட்டவில்லை, உள்ளே அத்தனை பேர் இருந்தார்கள். வரிசையை ஒட்டிப் படியிறங்கினாள். அவள் வேலைக்குப் போகும் வழி எதிர்ப்பக்கம், அதனால் வரிசை எங்கே முடிகிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அது பேருந்து நிறுத்தத்தைக் கடந்து, துணி வெளுக்கும் கடை முனையில் திரும்பி, இரண்டாவது தெருவின் நிழல் பக்கமாகவே போனது. பாதிரியார்கள், விதவைகள், கப்பல் கயிறு திரிப்பவர்கள், பதவி இழந்த ஒரு பிரபு எல்லோரும் தொப்பியைத் தொட்டு வழிவிட்டார்கள். மூன்றாவது தெருவில் அது சாவிக்கடைப் பக்கம் வளைந்தது. அவள் நடை மெதுவானது. வரிசை கடையின் பக்கவாட்டுப் படியில் ஏறி, மேலே திறந்திருந்த கதவுக்குள் முடிந்தது. கடைசி ஆளாக, முழங்காலில் பட்டை கட்டி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். இன்னொரு கையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது.

தங்கை அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். படியேறி வந்த மூச்சிரைப்பிலேயே அக்காவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. திரும்பவில்லை.

"முன்னாடி இருநூத்தி பதினாலு பேர். எண்ணிட்டேன்."

"எவ்வளவு நாளா நிக்கறே?"

"வரிசை வாசலுக்கு வந்த அன்னிலேருந்து. வீட்டு வாசல்ல ஒரு வரிசை வந்து நின்னா, நமக்கும்தான் ஏதாவது கேக்க இருக்கும்ல."

"உனக்குத்தான் எல்லாத்துக்கும் முடிவு தெரியுமே. இது எப்ப நகரும்?"

"தெரியலடி" என்றாள் அக்கா. அவள் அப்படிச் சொல்லித் தங்கை கேட்டது அதுதான் முதல் தடவை.

"ராஜாகிட்ட என்ன கேக்கப் போறே?"

"ராஜாவுக்கு என்ன தெரியும். உன் வீடு வழியாத்தானே இது போகுது."

அப்போது எங்கோ முன்னால் செருப்புகள் உரசும் சத்தம் கேட்டது. அது தெருவுக்குத் தெரு தாவி வந்தது. மூன்றாம் மாடியில் காரியதரிசி இறகுப் பேனாவை மையில் தோய்த்திருக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக வரிசை ஓர் அடி முன்னே நகர்ந்தது. அக்கா வலிக்கும் காலை எடுத்து வைத்தாள். தங்கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தானும் ஓர் அடி வைத்தாள்.

தங்கையின் உதடு அசைந்தது. சற்றுத் தாமதமாகக் குரலும் வந்தது.

"அக்கா, வீட்டுக்கு வா. உன் இடத்துல உக்காரு. அந்த ராணிக்கு என்ன ஆகப்போகுதுன்னு நீயே சொல்லு, நான் கேட்டுக்கறேன்."