நூற்றுப் பதினேழாம் நட்சத்திரம்

சனிக்கிழமை காலை மிருதுளா இரும்புலியூர் வீட்டுக்கு வந்தபோது ஜாய்சன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் ஜாய்சனின் மனைவி ஜெரூஷாவோடு ஆய்வு செய்தவள். ஜெரூஷா இறந்து எட்டு மாதமாகிறது. இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்னும் அச்சேறவில்லை.

"அண்ணா, உங்க பொண்டாட்டி நோட்டு வேணும். கட்டுரையப் பரிசீலிக்கிறவர் நூத்திப்பதினேழை எடுத்துடச் சொல்றார்."

ஒன்றாகப் பிறந்து ஒன்றாகவே நகரும் நட்சத்திரக் கூட்டம் ஒன்றில் எவையெவை சேர்த்தி என்று பிரிப்பது அவர்கள் வேலை. நூற்றுப் பதினேழு ஒரு சிவப்பு நட்சத்திரம். தூரம் பொருந்தியது, நிறம் பொருந்தியது. வானத்தில் அது நகரும் போக்கு மட்டும் சற்று விலகியிருந்தது. ஜெரூஷா அதைச் சேர்த்து, அதை வைத்தே கூட்டத்தின் வயதைக் கணித்திருந்தாள். அது போனால் அவள் பங்கும் போயிற்று.

நோட்டு அலமாரியில் துப்பட்டாக்களுக்கு அடியில் கிடந்தது. அவன் அதைத் திறந்ததே இல்லை.

மிருதுளா புரட்டினாள். நட்சத்திரம் நம்மைவிட்டு விலகும் வேகம், விநாடிக்குக் கிலோமீட்டரில், ஐந்து இரவுகளின் அளவு: 3, 13, 5, 12, 8.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்ல. கருவி சொதப்பிடுச்சு. போச்சுண்ணா."

ஜாய்சன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன் அவன்.

"எங்ககிட்ட ஷாஃப்ட்டை, அதான் இரும்புத் தண்டை, சுத்தவிட்டு அது மேல அளவு பாக்குற டயல் வைப்போம். சிலதுல முள்ளு இப்படித்தான் ஆடும். டயல் மேல தப்பில்ல, ஷாஃப்ட் மையம் விலகிச் சுத்துது. சராசரி என்ன வருது?"

"எட்டு புள்ளி ரெண்டு." அவள் நிமிர்ந்தாள். "கூட்டத்தோட வேகம் எட்டுண்ணா. இதுக்கு ஜோடி நட்சத்திரம் ஒண்ணு இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியல. அது இழுக்கிற இழுப்புலதான் இதோட போக்கு விலகித் தெரியுது. அஞ்சு வருஷமா இதையே படிக்கிறேன், ஷாஃப்ட் வந்து சொல்லணுமா எனக்கு?"

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியாமயா சேர்த்தா?"

மிருதுளா நோட்டின் ஓரத்தில் ஜெரூஷா எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, தயங்கித் தயங்கிப் படித்தாள்.

"'இதுக்குப் பேர் ஜாய்சன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சர்ச் வாசல்லயே நிக்கும். ஆனா நம்ம ஆளு.'"

அவன் சட்டையை மடித்தான். மடிப்பு கோணியது. பிரித்து மறுபடி மடித்தான்.

"மூணே கல்யாணம்," என்றான். "பைக் நிறுத்த இடமில்ல."

"சரிண்ணா."

"பரிசீலிக்கிறவருக்குப் பதில் எப்ப எழுதப்போற?"

"இப்பவே எழுதிடலாம்."

ஜாய்சன் சட்டைகளை ஓரமாகத் தள்ளி, அவள் லேப்டாப்புக்கு மேசையில் இடம் செய்தான். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான்.