ஆறு வடிவமும் சத்தமாக

சுழல் இயந்திரம் ஓடும்போது மட்டும்தான் சின்னவளுக்கு வாய் திறக்கும்.

அது பால் பரிசோதனைக் கூடம். லாரியில் வரும் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கண்ணாடிக் குழாய்களில் அமிலத்தையும் பாலையும் ஊற்றி, அடைப்பானை இறுக்கி, இயந்திரத்தில் அடுக்கி மூடியைப் போட்டால், பாரம் ஏற்றிய லாரி மேடு ஏறுவதுபோல் அது உறுமும். அந்த உறுமலுக்குள் நின்றுகொண்டு சின்னவள் பிரெஞ்சு வினைச்சொற்களைச் சொல்லிப் பார்ப்பாள். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஒரு வினைக்கு ஆறு வடிவம். இயந்திரம் அடங்கினால் அவளும் அடங்கிவிடுவாள்.

அவள் சொல்லிப் பார்த்தது எல்லாரும் படிக்கிற வடிவம் இல்லை. "அவன் வரவேண்டும் என்று ஏங்கினேன்", "அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன்" என்றெல்லாம் சொல்லும்போது, அந்தப் பழைய ஏக்கத்துக்கும் பயத்துக்கும் கீழே வருகிற வினைக்குப் பிரெஞ்சில் ஒரு தனி உடுப்பு உண்டு. பெயரே வாயில் நுழையாது: சுப்ஜோன்க்தீஃப் ஏம்பர்ஃபே. பேசுகிறவர்கள் அதை எப்போதோ கைகழுவிவிட்டார்கள். பழைய புத்தகங்களில் மட்டும் அது இன்னும் மிடுக்காக உலாவிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. ஒருநாள் சமையலறையில் சின்னவள் 'தெரிதல்' என்ற வினையை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். சுஸ், சுஸ், சு, சுஸ்யோன், சுஸ்யே, சுஸ்.

"என்னடி இது, பச்சப் புள்ளைய ஒண்ணுக்குப் போக வைக்கிற மாதிரி" என்றாள் அம்மா. "அந்த ஊர்க்காரங்களே இதப் பேசறதில்லைங்கறே. அப்புறம் நீ யாருகூடப் பேசப் போறே?"

"பேச இல்லம்மா. படிக்க."

"படிக்கறதுக்கு எதுக்கு வாய்?"

அதுதான் கேள்வி. சின்னவளுக்கு மாலை நேர மொழிப் பள்ளியின் மொழிபெயர்ப்பு வகுப்பில் சேர வேண்டும். அவள் வேதியியல் பட்டதாரி. அந்தக் காலத்து வேதியியல்காரர்கள் பிரெஞ்சில் எழுதி வைத்ததை நேராகப் படித்துத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று கல்லூரி முடித்ததிலிருந்தே ஆசை. அவர்கள் பக்கத்துக்குப் பக்கம் இந்த வடிவத்தைத்தான் அள்ளித் தெளித்திருந்தார்கள். ஆனால் அந்த வகுப்புக்குள் நுழைய வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. அதை நடத்துகிறவரை மாணவர்கள் கத்திரி என்பார்கள். வருகிறவர்களை நறுக்கித் தள்ளுவதில் கெட்டிக்காரர். எல்லாரிடமும் இந்த வடிவத்தைத்தான் கேட்பார். இது வராதவனுக்குப் பழைய புத்தகத்தில் என்ன வேலை என்பது அவர் கட்சி.

போன வருடம் சின்னவள் அவர் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாம் தெரியும். உதடும் அசைந்தது. சத்தம்தான் வரவில்லை. காதில் விழவில்லை, காதில் விழவில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டு அவர் முட்டை போட்டு அனுப்பினார். ஒருவருக்கு இரண்டு வாய்ப்புதான். மிச்சம் இருந்தது ஒன்று.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில் இயந்திரத்தின் மோட்டார் புகைந்து நின்றது. மேலதிகாரி புதிதாக ஒன்றை வரவழைத்தார். புதியது சத்தமே போடவில்லை. கூடத்தில் எல்லாருக்கும் நிம்மதி. சின்னவள் மூடியைப் போட்டுவிட்டு வழக்கம்போல் வாயைத் திறந்தாள். மின்விசிறி சுற்றுவது கேட்டது. குழாயில் நீர் சொட்டுவது கேட்டது. தன் குரல் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. போன வருடம் நடந்தது எதனால் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறுமலுக்குள் ஒளிந்துகொண்டு படித்தால் உறுமலுக்குள்தான் சொல்ல வரும்.

அன்று மத்தியானம் அவள் சைரனிடம் போனாள். கூடத்தின் மூத்த பரிசோதகருக்கு அங்கே வைத்திருந்த பட்டப்பெயர் அது. அவள் தும்மினால் வாசலில் நிற்கிற லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். குழாய்களை வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்து அளவைப் படிப்பது எப்போதும் சைரன். பதிவது சின்னவள். அதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. படிப்பவர் அளவைச் சொன்னதும் பதிகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது காதில் விழுந்த பிறகே அடுத்த குழாயைத் தொடலாம். ஒருமுறை நாலு என்பது ஏழாகி, ஒரு லாரிப் பாலுக்கே பெரிய ரகளை ஆனதிலிருந்து அந்தக் கண்டிப்பு.

"அக்கா, நாளையிலேருந்து நான் படிக்கறேன். நீங்க எழுதுங்க" என்றாள் சின்னவள்.

"ஏதோ கொசு பறந்துச்சு. நீயா பேசினே?"

சின்னவள் இன்னொரு தடவை சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். சைரன் முழுக்கக் கேட்டுவிட்டு, செத்துப்போன பேச்சுக்கு உயிரோட இருக்கறவ தொண்டைய அடமானம் வைக்கறியா என்று கேட்டாள். ஆனால் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை கூத்தாகிவிட்டது. சின்னவள் "நாலு புள்ளி ரெண்டு" என்பாள். சைரன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். கேட்டால்தானே திருப்பிச் சொல்ல? திருப்பிச் சொன்னால்தானே அடுத்த குழாய்? ஜன்னலுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டின. "உள்ள என்னங்க, ரகசியமா பால் குடிக்கறீங்களா?" என்று ஒரு டிரைவர் எட்டிப் பார்த்தார். மேலதிகாரி வந்து முறைத்தார். சின்னவளுக்குக் காது மடல் சுட்டது. குழாயை சைரனிடம் நீட்டிவிட்டால் தீர்ந்தது. அவள் நீட்டவில்லை. நாலு புள்ளி ரெண்டு, நாலு புள்ளி ரெண்டு என்று ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஜன்னலுக்கு வெளியிலிருந்து அந்த டிரைவரே "நாலு புள்ளி ரெண்டும்மா, எழுதிக்க" என்று சைரனுக்கு எடுத்துக் கொடுத்தார்.

"அவருக்கே கேட்டுடுச்சு. அப்ப எழுதலாம்" என்றாள் சைரன்.

அப்படித்தான் தொடங்கியது. குரல் நாளுக்கு நாள் கொஞ்சம் மேலே வந்தது. அளவுகள் முடிந்து அடுத்த லாரி வரும்வரை கிடைக்கிற இடைவெளியில் வினைகளைச் சொன்னாள். சைரன் அதையும் அளவு மாதிரியே திருப்பிச் சொன்னாள். 'பேசுதல்' வினைக்கு சின்னவள் "பர்லாஸ்" என்றால், சைரன் "பல்லாஸ்" என்று கூடம் அதிரச் சொல்லுவாள். பிறகு அடுத்த வடிவம். சைரனின் உச்சரிப்பைக் கேட்டால் எந்தப் பிரெஞ்சுக்காரரும் கண்ணீர் விடுவார். சின்னவளுக்கு அது தேவைப்பட்டது. தான் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு ரசீது இல்லை.

தேர்வு அன்று மொழிப் பள்ளியின் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முறை வந்ததும் சின்னவள் உள்ளே போனாள். கத்திரிக்கு அவளை ஞாபகம் இருந்தது. ஓ, நீங்களா என்றார். நாற்காலியை மேசைக்குக் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டார், கேட்க வசதியாக. பிறகு 'வருதல்' என்ற வினையைக் கொடுத்தார்.

"வேன்ஸ்" என்றாள் சின்னவள்.

குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. அவர் நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டார். சின்னவள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

"முதல் வடிவத்தோட நின்னாச்சு. பரவாயில்ல, இந்தத் தடவை சத்தமாவது வந்துச்சு. போகலாம்."

எங்கே தவறினோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"இல்ல சார். தெரியும். நீங்க திருப்பிச் சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

"நான் எதுக்கும்மா திருப்பிச் சொல்லணும்?"

பால், லாரி, சைரன் என்று ஆரம்பித்தால் பொழுது போய்விடும். அவர் கையைக் கதவுப் பக்கம் காட்டினார். அடுத்த ஆள் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினான். சின்னவள் எழுந்திருக்கவில்லை. யாரும் போகச் சொன்ன இடத்தில் அவள் இதுவரை உட்கார்ந்திருந்ததில்லை. பேருந்தில் யாராவது முறைத்தாலே இடத்தைக் கொடுத்துவிடுகிறவள்.

"சொல்லி முடிச்சிட்டுப் போறேன் சார்" என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் தொடங்கிவிட்டாள். வேன்ஸ், வேன்ஸ், வேன், வேன்ஸ்யோன், வேன்ஸ்யே, வேன்ஸ். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. ஒவ்வொரு வடிவமும் வெறும் அறைக்குள் போய் விழுந்தது. அடுத்ததை எடுக்கக் கை கூசுவதுபோல் நாக்கு கூசியது. எடுத்தாள். அது முடிந்ததும் 'தெரிதல்', அது முடிந்ததும் 'பேசுதல்'. அவர் கையை உயர்த்தினார். ஆறாவது வடிவம் வரை போய்விட்டுத்தான் நிறுத்தினாள்.

கத்திரி 'தைத்தல்' என்றார். அது பொல்லாத வினை. வேரே நடுவில் ஆள் மாறிவிடும். சின்னவள் யோசித்து, "கூடிஸ்" என்றாள்.

"தப்பு."

"சரியானது என்னன்னு சொல்லுங்க."

அவர் புருவத்தைத் தூக்கினார். தேர்வில் அவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

"கூஸிஸ்."

"கூஸிஸ்" என்றாள் சின்னவள். அதையே பிடித்துக்கொண்டு மிச்ச ஐந்தையும் சொன்னாள். ஒன்றும் பிசகவில்லை. நாற்காலியை விட்டு இன்னும் எழுந்திருக்கவும் இல்லை.

அவர் முன்னால் எழுதியதை அடித்தார். அடித்த இடத்தில் வேறு ஒன்றை எழுதி, அதை ஊதிக் காயவைத்தார்.

"வகுப்பு திங்கக்கிழமை சாயந்திரம் தொடங்குது. கடைசி பெஞ்சுல உக்காருங்க. அங்கேருந்து பேசினாலே எனக்குப் போதும்."

சின்னவள் நன்றி சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. தாழ்வாரத்துக்கு வந்ததும் காத்திருந்தவர்கள் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். என்ன கேட்டார், எந்த வினை, ரொம்பக் குடைகிறாரா என்று ஆளுக்கொரு கேள்வி. முகம் தெரியாத அத்தனை பேர் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். சின்னவள் 'தைத்தல்' என்றாள். யாருக்கும் அது தெரியவில்லை என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஆறு வடிவத்தையும் சொல்லிக் காட்டினாள். கடைசி நாற்காலியில் இருந்தவர் இன்னொரு தடவை கேட்டார். அவருக்காக இன்னொரு தடவை.

கேள்வி வெளியே போகிறது, முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள் என்று உள்ளேயிருந்து கத்திரி சத்தம் போட்டார்.