முனியன் ஓடிப்போகவில்லை

சாந்தம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்த அவளுடைய தாத்தா முனியன், சண்டைக்குப் பயந்து ஓடிப்போனவர் என்று மலையெங்கும் பேச்சு. அந்த வீட்டில் பெண் கேட்டு வந்தவன் பார்த்திபன் ஒருவன்தான். அவனும் பரிசம் போடுவதற்கு முந்தின வாரம் பின்வாங்கிவிட்டான்.

போன தை மாதம், வட்டார வரலாறு எழுதும் திருப்பத்தூர் ஆசிரியர் கலையரசன் ஒரு பழுப்பேறிய கடிதத்தோடு வந்தார்.

"உங்க தாத்தா ஓடிப்போகலைங்கம்மா. 1917ல பஸ்ராவுல குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில செத்துட்டாரு. பட்டாளத்துலருந்து அப்பவே ஊரு மணியக்காரருக்கு எழுதியிருக்காங்க."

"இது எங்க இருந்துச்சு?"

"பார்த்திபன் ஐயா வூட்டுப் பரண்ல. அவரேதான் எடுத்துக் குடுத்தாரு."

சாந்தம்மாள் நேரே அங்கே போனாள். பார்த்திபன் வாசலில் புளி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"இத எப்ப மாமா பாத்தே?"

அவர் நிமிரவில்லை. "நம்ம கல்யாணப் பேச்சு நடந்தப்பவே. எங்கப்பா காட்டுனாரு. வெளிய தெரிஞ்சா உங்க நெலத்தத் திருப்பிக் குடுக்கணும்னாரு."

ஓடிப்போனவன் நிலம் என்று சொல்லித்தான் முனியனின் சாமைக்காட்டை அப்போது மணியக்காரராக இருந்த பார்த்திபனின் தாத்தா எடுத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மட்டும் ஏன் குடுத்தே?"

"நெலத்த வித்து இருபது வருஷமாச்சு. இனிமே இன்னா? புஸ்தகத்துல எங்க வூட்டுப் பேரு வருது சாந்தா."

வெளியீட்டு விழாவில், கடிதத்தைக் காப்பாற்றி வைத்திருந்ததற்காகப் பார்த்திபனுக்கு மரியாதை. படைவீரரின் பேத்தி சால்வை போர்த்துவார் என்று அறிவித்தார்கள். சால்வையை வாங்கிய சாந்தம்மாள் மைக்கை நோக்கிப் போனாள்.

"நாப்பத்தி நாலு வருஷமா இந்தக் கடுதாசிய ஒளிச்சி வெச்சிருந்தாரு இவரு. இவராலதான் நான் தனி ஆளா நிக்கிறேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "கெழவிக்கு இன்னும் கல்யாண ஆசை வுடலடா!"

சிரிப்பு மேடை வரைக்கும் பரவியது. பார்த்திபனும் சிரித்தபடியே சால்வைக்குக் கழுத்தை நீட்டினார்.

"போட்டுடுங்கம்மா, நேரமாவுது" என்றார் கலையரசன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சால்வையை மேசைமேல் எறிந்துவிட்டு இறங்கினாள். வேறு யாரோ அதை எடுத்துப் போர்த்தியிருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது.

பஸ் போய்விட்டிருந்தது. வெயிலில் நடந்தாள். பெண் பார்க்க யாரும் வராத ஒவ்வொரு வருஷமும் முனியனைத்தான் திட்டித் தீர்த்திருக்கிறாள். விளங்காதவன், பேடிப்பயல், எங்கேயோ இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு சுகமாக இருந்து செத்திருப்பான் என்று. சாகும்போது அவருக்கு இருபத்து மூன்று வயதாம்.

மலைப்பாதை வளைவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, "தாத்தா" என்று சொல்லிப் பார்த்தாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.